போஞ்சிப் பாத்திக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி

2 பெப்ரவரி 1955, புதன்

விடியலில் கடும் பனி. தகரக் கூரையெல்லாம் வெள்ளை. வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. இடது முழங்கால் வலி, வழக்கம் போல.

செல்லம்மா கொழுந்தெடுக்கப் போன பிறகு குரங்குகள் வந்தன. பெரிய கூட்டம். போஞ்சிக் கொடி இப்போதுதான் மொட்டு வைத்திருக்கிறது. இரண்டு கம்புகளைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டன. தகர டப்பாவைத் தட்டினேன். நான் தட்டத் தட்ட ஒன்று வரப்பில் உட்கார்ந்து இன்னொன்றுக்குப் பேன் பார்த்தது.

போன தடவை உருளைக்கிழங்கு. அதற்கு முந்தின தடவையும் போஞ்சி. இரண்டிலும் எங்கள் வாய்க்கு எட்டியது கொஞ்சம்தான். இது மூன்றாம் தடவை.

இன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி அறிவித்தாராம். மாசக் கடைசியில் தோட்டத்துத் துரை லயத்து ஆட்களின் மரக்கறி நிலங்களைப் பார்க்க வருகிறார். விளைச்சல் இல்லாத துண்டுகளைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும். செல்லம்மா சொல்லும்போதே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கிராணிக்கு இரண்டு பசு மாடு. என் துண்டு பீலிக்குப் பக்கத்தில், தண்ணீர் வசதி. அவர் கண்ணுக்கு அது எப்போதும் மாட்டுத் தொழுவமாகவே தெரிகிறது.

என் வயதில் மூன்று வருஷத்தைக் கூட்டி எழுதி, தேயிலை ஸ்டோரிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பியவர் இவர்தான். தேயிலைப் பெட்டி அடித்த கை இது. இன்றும் ஆணி கோணாமல் இறங்கும். இப்போது நாங்கள் இருக்கிற லயத்துக் காம்பரா செல்லம்மா பெயரில். எனக்கென்று இருப்பது அந்தத் துண்டு நிலம் ஒன்று. அதை விடுவதாக இல்லை.

துப்பாக்கி வாங்கப் போகிறேன்.

4 பெப்ரவரி, வெள்ளி

பனி குறைவு. பீலித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு பாத்திக்கு மாட்டுச் சாணி. (கிராணி வீட்டு மாட்டுடையது. ரோட்டில் கிடந்தது. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.)

தோட்டாத் துப்பாக்கி ஆகாது. அதற்கு லைசன். லைசன் கேட்டால் நீ எந்த நாட்டான் என்று கேட்பான். பிறந்தது இதே தோட்டத்தில், மேல் லயத்தில். என் அப்பனும் இங்கேதான் புதைந்தான். ஆனாலும் பிரஜா உரிமை மனுவைத் திருப்பி அனுப்பினார்கள், சாட்சி போதாதென்று. செத்தவனை எழுப்பிச் சாட்சி சொல்ல வைக்க எனக்குத் தெரியாது.

ஆகவே காற்றுத் துப்பாக்கி. துரைமார் பிள்ளைகள் காக்காய் சுடுகிறார்களே, அது. எனக்குத் தேவை:

குரங்கைக் கொல்லக் கூடாது. பயம் காட்ட வேண்டும்.
கை நடுக்கத்துக்குத் தோதாகக் கனம் குறைவு.
மடக்கிக் காற்றேற்ற ரொம்பப் பலம் கேட்கக் கூடாது.
குண்டு மலிவு.
ஆடு விற்ற நாற்பது ரூபாய்க்குள்.

செல்லம்மாவிடம் சொன்னேன்.

"ஏங்க, கொரங்கச் சுட்டா ஆஞ்சநேயரு சும்மா விடுவாரா?"

"சுடப் போறதில்ல. வெரட்டப் போறேன்."

"அப்ப அந்த நாப்பது ரூவாய்க்கு ஆஞ்சநேயருக்கே ஒரு வடமாலை போட்டுச் சொல்லிப் பாப்பமே."

வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். பதில் சொன்னால் வளரும்.

பக்கத்துக் காம்பரா முத்துக்கருப்பன், இவளுடைய அண்ணன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டான். "என்னா மச்சான், சண்டைக்கு ஆளெடுக்கிறீங்களா? நானும் பேர் குடுக்கட்டா?" மெல்லிய சுவர். இந்த லயத்தில் ஒருவனுக்கு யோசனை வந்தால் பத்துக் காம்பராவுக்கும் வருகிறது.

6 பெப்ரவரி, ஞாயிறு

வெயில். பஸ்ஸில் ஹட்டன். பஜாரில் நெரிசல், கருவாட்டு வாசம். காசிம் நானாவின் இரும்புக் கடை. ஆணி, பூட்டு, அரிக்கன் லாம்பு, மூலையில் துப்பாக்கிகள். மூன்று இருந்தன.

ஒன்று, புதிது. மலிவு. பிடி சாயம் பூசிய மரம். எந்த ஊர்ச் சரக்கு என்றே எழுதவில்லை.

இரண்டு, புதிது. ஜெர்மன். பார்த்ததும் கை தானாகப் போனது. கறுப்பு எண்ணெய் மினுமினுப்பு. விலை கேட்டதும் கை தானாகத் திரும்பி வந்தது. கனமும் அதிகம்.

மூன்று, பழையது. லிந்துலைப் பக்கத்தில் ஒரு துரை சீமைக்குப் போனபோது வீட்டுச் சாமானோடு விற்றதாம். பிடியில் வெடிப்பு, செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. குழல் நேராக இருக்கிறது. கைக்கு அடக்கம். குண்டு சின்ன சைஸ்.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கக் கேட்டேன். நானாவுக்குச் சந்தோஷம் இல்லை, ஆனாலும் விட்டார். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் டஸ்ட் தேயிலைத் தூள் கொண்டு போயிருந்தேன். துப்பாக்கியின் குழல் மடங்குகிற மூட்டில் ஒரு சிட்டிகை வைத்துச் சுட வேண்டும். தூள் அசையாவிட்டால் காற்று முழுவதும் குழலில் போகிறது. பறந்தால் மூட்டு வழியாக ஒழுகுகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டும்போது ஓட்டை இருக்கிறதா என்று இப்படித்தான் ஊதிப் பார்ப்போம்.

நானா பார்த்துக்கொண்டே நின்றார். "இது என்னாங்க, துப்பாக்கிக்குத் திருநீறு பூசுறீங்க?"

"சாமி நல்லதா கெட்டதான்னு பாக்கணுமில்ல."

மலிவானது சுட்டேன். தூள் முழுவதும் நானா இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில். ஜெர்மன்காரனில் ஒரு தூள்கூட அசையவில்லை, பாவி. பழையது, கொஞ்சம் பறந்தது. நானா சொன்னார், "உள்ள தோல் வாசர் காஞ்சிருக்கு. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. ரெண்டே சொட்டு. செரியாப் போயிரும்."

பழையதுதான் என்று மனதில் முடிவு. விலையில் ஐந்து ரூபாய் குறைக்கக் கேட்டேன். மாட்டேன் என்றார். அது பரவாயில்லை. "ஒங்க வயசுக்கு இது எதுக்குங்க, பேரப்புள்ளைக்கா?" என்றார். வாங்காமலே வந்துவிட்டேன்.

பஸ் போய்விட்டது. டிக்கோயா வரை நடை. முழங்கால்.

8 பெப்ரவரி, செவ்வாய்

மேகம். போஞ்சியில் வெள்ளைப் பூ. கண்ணுக்கு நிறைவு. மதியம் குரங்குகள், மேல் பாத்தியில் ஒரு வரிசைப் பூவைக் கிள்ளித் தின்றன. தின்றதைவிடக் கொட்டியது அதிகம்.

செல்லம்மா: "அந்த நானா சொன்னதுல என்னாங்க தப்பு? வயசாகலையா ஒங்களுக்கு?"

கிராணி எழுதிய வயதா, அம்மா சொன்ன வயதா என்று கேட்டேன். கொழுந்துக் கூடையைத் தைக்கப் போய்விட்டாள்.

கிராணியின் ஆள் ஒருவன் பீலிப் பக்கம் வந்து என் வரப்பை ஏற இறங்கப் பார்த்தான். என்ன என்றேன். "சும்மா" என்றான். சும்மா பார்க்க என் வரப்பில் என்ன இருக்கிறது?

13 பெப்ரவரி, ஞாயிறு

மறுபடி ஹட்டன். அந்தத் துப்பாக்கி மூலையில் இல்லை. நானா கேட்பதற்கு முன்பே உள்ளே போய் எடுத்து வந்தார்.

"வருவீங்கன்னு தெரியும். அதான் எடுத்து உள்ள வச்சேன்."

"நான் ஆணி வாங்க வந்தேன்."

"செரி, ஆணி எத்தன றாத்தல்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் விலை குறைக்கவில்லை. நான் கூட்டிக் கொடுக்கவில்லை. குண்டு ஒரு டப்பா சும்மா வாங்கிக்கொண்டேன். அவர் ஜெயித்ததாக அவர் நினைக்கட்டும். மெஷின் எண்ணெய்க் குப்பியும் எடுத்து வைத்தார். தனிக் காசாம். வேண்டாம் என்றேன். வீட்டில் எண்ணெய் இல்லாமலா இருக்கிறது.

சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர்: "என்னா பெருசு அது, மம்பட்டிப் பிடியா?"

"ஆமா."

"மம்பட்டிப் பிடியவா புள்ள மாதிரி மடியில வச்சிருக்கீங்க?"

"நல்ல மம்பட்டி."

14 பெப்ரவரி, திங்கள்

பகல் வெயில், மாலை குளிர் காற்று. டர்பன்டைன் மரத்தில் பால் டின்னைத் தொங்கவிட்டுப் பழகினேன். முதலில் மரம், பிறகு காற்று, பிறகு டின். 'டிங்' என்ற சத்தம். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று தெரியவில்லை. மறுபடி, மறுபடி.

முத்துக்கருப்பன் எட்டிப் பார்த்தான். ஒன்று கொடுங்க மச்சான் என்றான். கொடுத்தேன். டின் அசையவில்லை, மேலே ஒரு இலை விழுந்தது. "எலையத்தான் குறி வச்சேன்" என்றான்.

சத்தம் சின்னது. விரல் சொடுக்குவது போல. குரங்குக்கு இது போதுமா என்று ஒரு சந்தேகம்.

மாலை எண்ணெய் போட்டேன். தேங்காய் எண்ணெய். தலைக்கு ஆகிறது, விளக்குக்கு ஆகிறது, என் முழங்காலுக்கு ஆகிறது. தோல் வாசருக்கு மட்டும் ஆகாதா? இரண்டு சொட்டு என்பது கடைக்காரன் சிக்கனம். தாராளமாகவே விட்டேன். துப்பாக்கியைக் காம்பராவில் வாசலோரச் சுவரோடு சாத்தி வைத்தேன்.

15 பெப்ரவரி, செவ்வாய்

காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து நொறுங்குகிறது. குரங்குகள் சீக்கிரமே வந்தன. துப்பாக்கியை எடுத்து மடக்கினேன், மடங்க மறுத்தது. பல்லைக் கடித்து மடக்கிக் குறி பார்த்துச் சுட்டேன். குண்டு குழல் முனையில் எட்டிப் பார்த்து, வெற்றிலைச் சாறு துப்பியது போல என் காலடியில் விழுந்தது. குரங்குகள் பார்த்தன. முத்துக்கருப்பனும் பார்த்தான்.

"மச்சான், அதுக்குச் சளி புடிச்சிருக்கு. கசாயம் குடுங்க."

காரணம் பிறகுதான் பிடிபட்டது. எண்ணெய் உறைந்துவிட்டது. இந்தக் குளிரில் எந்த வீட்டிலும் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம்தான் வைப்பார்கள், அது எனக்குத் தெரியாததா. ஆகவே துப்பாக்கியையும் அடுப்போரம் வைத்தேன், போத்தலுக்குப் பக்கத்தில். பகல் முழுவதும் இதமாகக் கிடந்தது.

சாயங்காலம் கூட்டம் மறுபடி இறங்கியது. சூடான துப்பாக்கி வெண்ணெய் போல மடங்கியது. மரத்து டின்னைக் குறி வைத்து விசையை இழுத்தேன்.

டமார்!

என் காதே அடைத்துவிட்டது. குழலில் புகை. குரங்குகள் தேயிலைக்கு மேலாக ஓடிய ஓட்டம், ஒன்று தன் குட்டியை மறந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனது. பத்துக் காம்பராக் கதவும் திறந்தன. தேங்காய் தீய்ந்த வாசம். ஒருத்தி, "யாரு வீட்டுல தாளிக்கிறாங்க?" என்றாள்.

செல்லம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னாங்க, காத்துத் துப்பாக்கின்னீங்க?"

"காத்துதான். நல்ல காத்து."

இருட்டுவதற்குள் கிராணி ஆள் அனுப்பினார். நாளைக் காலை ஆபீசுக்கு வர வேண்டும், துப்பாக்கியோடு. லைசன் இல்லாமல் வெடித்ததாகக் குற்றச்சாட்டு. அவருக்கு நல்ல சாக்கு. துப்பாக்கி போனால் போஞ்சி போகும், போஞ்சி போனால் நிலம் போகும். கணக்கு அவருக்கும் தெரியும்.

16 பெப்ரவரி, புதன்

பனி. வெள்ளை வேட்டி, கோட்டு போட்டுக்கொண்டு போனேன். குற்றவாளிபோல் போக முடியாது.

கிராணி துரையின் மேசைக்குப் பக்கத்தில். "தொரை, இந்தாளு கள்ளத் துவக்கு வச்சிருக்காரு. லயமே அதிர்ந்து போச்சு. எங்க மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு."

துரை கையை நீட்டினார். கொடுத்தேன். குழலை மடக்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். முகம் மாறியது. சிரிக்கிறார்! இத்தனை காலத்தில் அவர் பல்லை இன்றுதான் பார்க்கிறேன்.

"நீ தேங்காண்ணெய் போட்டது?"

"ஆமாங்க."

"நான் சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப இப்பிடித்தான் எண்ணெய் போட்டது. என் அப்பா அடிச்சது." கிராணியைப் பார்த்து, "இது துவக்கு இல்லே. காத்து. உள்ளே எண்ணெய் எரியுது, அவ்வளவுதான்." என்னைப் பார்த்து, "இனிமே போடாதே. ஸ்பிரிங் ஒடியும். மாசக் கடைசி நான் வரும். போஞ்சி இருக்கணும்."

கிராணியின் முகத்தை எழுத்தில் எழுத எனக்குப் படிப்பு போதாது.

ஸ்பிரிங் ஒடியும் என்பது அவர் அபிப்பிராயம். துரை சொன்னால் வேதமா. நேற்று வெடித்த பிறகு இன்று காலை ஒரு குரங்கு இல்லை. டின்னில் 'டிங்' என்றால் இது நடக்குமா? எண்ணெய் தொடரும்.

20 பெப்ரவரி, ஞாயிறு

நல்ல வெயில். பூ உதிர்ந்து பிஞ்சு. நூல் நூலாகப் போஞ்சி, கொடி முழுவதும்.

விடிந்ததும் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அடுப்போரம் வைத்துச் சூடாக்கி வெடிக்கிறேன். சுடுமுன் செல்லம்மா வாசலில் நின்று, "காதப் பொத்திக்கங்க!" என்று கூப்பாடு போடுகிறாள். முதலில் கோபத்தில் செய்தாள். இப்போது அவளுக்கே பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். நேற்று நான் மறந்திருந்தபோது, "என்னாங்க, இன்னைக்கு வேட்டு இல்லையா?" என்றாள். முத்துக்கருப்பன் சாயங்காலத் தேத்தண்ணியை வேட்டுச் சத்தத்துக்கு வைக்கச் சொல்லியிருக்கிறானாம்.

இரவு நல்ல தூக்கம். முழங்கால் வலி பரவாயில்லை. குரங்குகள் டர்பன்டைன் மரத்தில் உட்கார்ந்து பார்க்கின்றன. இறங்குவதில்லை. துப்பாக்கியை இடுப்புக்கு மேல் தூக்கினாலே கிளை மாறுகின்றன.

26 பெப்ரவரி, சனி

காலை வேட்டுக்கு மடக்கினேன். உள்ளே 'கடக்'. குழல் கழுத்து முறிந்த கோழி போலத் தொங்குகிறது. விசையை இழுத்தால் ஒன்றும் இல்லை.

ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. பழைய துப்பாக்கி, ஒடியாதா. துரை சொன்னது தற்செயல்.

துரை வர இன்னும் இரண்டு நாள். போஞ்சி பறிக்கிற பருவத்துக்கு வந்துவிட்டது. பறித்துவிட்டால் வெறுங்கொடியைக் காட்டி விளைந்தது என்று சொல்ல வேண்டும். கிராணி விடுவாரா. பறிக்காமல் விட்டால் மரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

செல்லம்மா, "பறிச்சிருவோங்க. கெடைச்ச வரைக்கும் மிச்சம்" என்றாள். நிலம் வேண்டுமா போஞ்சி வேண்டுமா என்றேன். பறிக்க விடவில்லை.

சாயங்காலம் வேட்டு இல்லை. லயமே ஏதோ குறைந்தது போல. முத்துக்கருப்பனுக்குத் தேத்தண்ணி பிந்திவிட்டது. அவனிடம் குண்டு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். குழலைக் கயிறு போட்டுக் கட்டி நேராக நிறுத்தினேன், கயிற்றின் மேல் கறுப்புச் சாயம்.

27 பெப்ரவரி, ஞாயிறு

மூடுபனி. ஹட்டன் போகவில்லை, போனால் பாத்தியை யார் பார்ப்பது. விடியலிலிருந்து வரப்பில் உட்கார்ந்திருந்தேன், கம்பளியும் துப்பாக்கியுமாக. சாப்பாடு அங்கேயே.

மதியம் பெரிய கடுவன் குரங்கு ஒன்று கீழ்க் கிளைக்கு வந்தது. வேட்டுச் சத்தம் இல்லாததைக் கவனித்திருக்கிறது, கள்ளன். தரையில் ஒரு கால் வைத்தது. எழுந்து துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். ஒரு கண்ணை மூடினேன். அதன் கண்ணையே பார்த்தேன். கால் பின்னால் போனது. கிளை. மேல் கிளை.

குரங்குக்கு ஸ்பிரிங் தெரியாது.

28 பெப்ரவரி, திங்கள்

பனி விலகிய பிறகு துரை வந்தார். கூடவே கிராணி, கையில் அளவு நாடா. நிலத்தைப் பார்க்கும் முன்பே நாடா! கொஞ்சம் தள்ளி செல்லம்மா, முத்துக்கருப்பன், அரை லயம்.

துரை ஒரு போஞ்சியை ஒடித்துப் பார்த்தார். 'சட்' என்று ஒடிந்தது. மென்றார். அடுத்த வரிசைக்குப் போனார்.

கிராணி என் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "தொரை, ரெண்டு நாளா சத்தமே இல்ல. இது ஒடஞ்சு போச்சு போல. அடுத்த மாசம் கொரங்கு தின்னுரும். சுட்டுக் காட்டச் சொல்லுங்க."

துரை என்னைப் பார்த்தார்.

"கொரங்கு இல்லாதப்ப எதுக்குங்க தொரை சுடணும்? கொரங்க வரச் சொல்லுங்க, அப்பறம் பாப்போம்."

சொல்லி வாய் மூடவில்லை. டர்பன்டைன் மரம் ஆடியது. கூட்டம் முழுவதும். ஆட்கள் நிற்கிறார்களே, ஏதோ தின்கிறார்கள் என்று நினைத்திருக்கும். கடுவன் முதலில் இறங்கியது. கிராணி சிரித்தார். செல்லம்மா பழக்க தோஷத்தில், "காதப் பொத்திக்கங்க!" என்று கத்திவிட்டாள். துரை நிஜமாகவே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

என்ன செய்வது. தோளில் வைத்தேன். ஒரு கண்ணை மூடினேன். கடுவன் என்னைப் பார்த்தது, துப்பாக்கியைப் பார்த்தது, ஒரே தாவு. பின்னாலேயே மொத்தக் கூட்டமும். மரம், பிறகு அடுத்த மரம், பிறகு மலைக்கு அந்தப் பக்கம்.

துரை காதிலிருந்து விரலை எடுத்தார். "நீ சுடல்லே."

"தேவப்படலைங்க தொரை."

கயிற்றைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பிறகு கிராணியிடம், "இந்த நிலம் இவனுக்கு. உன் மாட்டுப்பட்டி கீழே ஆத்துப் பக்கம் வை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் இவன் என்றதை இன்று ஒரு நாள் விட்டுவிடுகிறேன்.

கிராணி நாடாவைச் சுருட்டினார். பாதியில் சிக்கியது. நான் உதவவில்லை.

மாலை எல்லோரும் சேர்ந்து பறித்தோம். இரண்டு கூடை நிறைந்து, செல்லம்மாவின் முந்தானையும் நிறைந்தது. முத்துக்கருப்பன் பறித்ததைவிடத் தின்றது அதிகம். குரங்கே தேவலை என்றேன். "சுடுங்க மச்சான், பாப்போம்" என்றான்.

கிராணி வீட்டுக்கு ஒரு சின்னக் கூடை போஞ்சி அனுப்ப வேண்டும் என்கிறாள் செல்லம்மா. ஊரோடு ஒத்துப் போகணுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். முற்றிப்போய் நார் விழுந்தது ஏதாவது கிடந்தால் பார்க்கலாம்.